நுண்ணறிவளவையும் வினையறிவும்: பவானித் தறியை முன்வைத்து ஒரு நோக்கு

நுண்ணறிவு என்பது இன்று உளவியலார் வழங்கும் கலைச்சொற்களுள் ஒன்று. கல்வியியல் நூல்களிலும் ஆசிரியப் பயிற்சி வகுப்புகளிலும் பயின்றுவரும் இச்சொல், மேனாட்டுக் கருத்தொன்றினைத் தமிழில் தருதற்கு அண்மைக் காலத்தே ஆக்கிக்கொண்டது என்றே பலரும் கருதுவர். அது பொருந்தாது. திருக்குறளின் அமைச்சு அதிகாரத்தில் வரும் மதிநுட்பம் என்பதற்குப் (636) பரிமேலழகர் நுண்ணறிவு என்றே பொருள் கண்டார். அந்நுண்ணறிவு இயற்கையான் அமைவது என்றும், நூலறிவு செயற்கையான் வருவது என்றும் அடைகொடுத்துப் பிரித்தும் காட்டினார். அடுத்த குறளில் (637) மூன்றாவதொன்றும் வெளிப்படுகின்றது. வினைசெய்யும் திறங்களை நூல்வழி அறிந்தவனும், தான் வாழுங்காலத்து உலகியல் எவ்வாறு நடக்கின்றது என்பதை உணர்ந்து அதனொடு பொருந்தவே செய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. இயற்கை நுண்ணறிவு ஒன்று. கற்ற நூலறிவு ஒன்று. இவ்விரண்டனுள்ளும் அடங்காது, வினைசெய்யும் இடத்திலேயே புலப்படும் அறிவு மற்றொன்று.

இம்மூன்றாவதனை நாம் ஈண்டு வினையறிவு எனக் குறிப்போம். இருபதாம் நூற்றாண்டில் அறிவை அளக்குங் கருவிகள் நம் நாட்டிற்கு வந்தபோது முதலிரண்டும் அளவைக்குள் அடங்கின. மூன்றாவது பெரும்பாலும் வெளியே நின்றது. அஃது ஏன் வெளியே நின்றது, நின்றமையால் யார்க்கு என்ன நேர்ந்தது என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். காவிரியும் பவானியாறும் கூடுமிடத்து அமைந்த, தேவாரம் திருநணா எனப் போற்றும் பவானியை நாம் சான்றாகக் கொள்வது, அவ்வூர்த் தறிகளில் இவ்வினா கண்கூடாக நிற்பதனாலேயாம்.

தொடங்குமுன் சொற்பொருள் பற்றி ஒரு குறிப்பு. உளவியலைத் தமிழ் மரபொடு இயைத்து எழுதுவோர் சிலர், தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்ததனை நுண்ணறிவுக் கொள்கைக்கு முன்னோடியாகக் காட்டுவர். அப்பகுப்பில் அறிவு என்பது உறுதல், சுவைத்தல் முதலான பொறியுணர்வையும், ஆறாவதாக மனத்தையும் குறிப்பது. ஒரு மாந்தனுக்கும் மற்றொரு மாந்தனுக்கும் இடையே உள்ள அறிவு வேறுபாட்டை அது பேசவில்லை. அவ்வேறுபாடு பேசப்படும் இடம் திருக்குறள்.

அங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஊழ் அதிகாரத்தில் (373), ஒருவன் நுணுகிய நூல்கள் பலவற்றைக் கற்றாலும் அவனுக்கு அமைந்த அறிவே மேலோங்கும் என வள்ளுவர் கூறுகின்றார். கல்வி அதிகாரத்தில் (396), மணற்கேணி தோண்டுந்தோறும் நீர் சுரத்தல்போலக் கற்குந்தோறும் அறிவு பெருகும் என்கின்றார். ஒன்று அறிவைப் பிறவியொடு பிணைப்பது. மற்றொன்று முயற்சியொடு பிணைப்பது. இம்முரண் பரிமேலழகர் கண்ணுக்குத் தப்பவில்லை. பின்னையது ஊழ் மாறாக நில்லாத இடத்தைப் பற்றியது. ஆதலின் முன்னையதனொடு மாறுபடாது என அவர் அமைதி கூறினார். அவ்வமைதி நிறைவுடையதா என்பது வேறு வழக்கு. இயற்கையா வளர்ப்பா என்று மேனாட்டார் நூறாண்டிற்கு மேலாக எழுப்பிவரும் பூசல், தமிழ் உரைமரபில் ஓர் உரைக்குறிப்பாக முன்னரே இடம்பெற்றிருந்தது என்பதே ஈண்டு வேண்டுவது.

மேனாட்டுப் பூசலின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1869இல் வெளியிட்ட நூலில் பிரான்சிஸ் கால்ட்டன் மேதைமை குடிவழியே இறங்குவது என வாதிட்டார். 1904இல் சார்லசு ஸ்பியர்மன், பள்ளிப் பாடங்கள் பலவற்றிலும் மாணவர் பெறும் தேர்ச்சி ஒன்றனொடு ஒன்று தொடர்புற்றிருத்தலைக் கணித முறையாற் காட்டி, அவற்றிற்கெல்லாம் அடியில் பொதுத்திறன் ஒன்று உண்டு என முடிவு செய்தார். ஒவ்வொரு துறைக்கும் உரிய சிறப்புத்திறன்கள் அதன்மேல் அமைவன என்பது அவர் கொள்கை. மறு ஆண்டு, 1905இல், பாரிசில் ஆல்பிரெடு பினேயும் தியோடர் சைமனும் முதல் அளவுகோலை வெளியிட்டனர். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்க்குத் தனிப் பயிற்சி அளித்தலே அதன் நோக்கம். அறிவு மாறாத ஓர் அளவு என்றும் அதனைப் பெருக்கல் ஒல்லாது என்றும் கூறியோரைப் பினே தம் 1909ஆம் ஆண்டு நூலில் வன்மையாக மறுத்தார். அவர் 1911இல் மறைந்தார். 1912இல் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை ஆண்டுவயதால் வகுத்து ஈவு காணும் முறையைக் கூறினார். 1916இல் அமெரிக்கராகிய டெர்மன் அதனை நூறால் பெருக்கித் தம் திருத்திய அளவுகோலில் வழங்கினார். உதவி வேண்டும் பிள்ளையைக் காட்டுதற்கு எழுந்த கருவி, ஒருவன் இத்துணையன் என்று முத்திரையிடும் எண்ணாக மாறியது இவ்வாறே.

ஸ்பியர்மன் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1904இல், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையொடு ஒரு மாணவர் சேர்ந்தார். கணக்கில் மட்டும் ஈடுபட்டு ஏனைப் பாடங்களில் தவறியமையின் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்று எஃப்.ஏ. தேர்வு எழுதியும் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்து, 1913இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதி, 1918இல் அரச கழக உறுப்பினரான சீனிவாச இராமாநுசரே அவர். அவர் 1887இல் பிறந்த ஊர், பவானியை அடுத்த ஈரோடு. (பிறந்தது ஒன்றையே கொங்குநாடு உரிமை கொண்டாடலாம், வளர்ந்தது சோழநாட்டுக் குடந்தையில்.) ஒரு விதிவிலக்கால் ஸ்பியர்மன் கொள்கை வீழ்ந்துவிடாது, தொகையளவில் அவர் கண்ட தொடர்பு இன்றும் மறுக்கப்படவில்லை. ஆயினும், தொகைக்குப் பொருந்துவதனைத் தனியொருவர்மேல் ஏற்றித் தீர்ப்புக் கூறுதல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

இனி, அளவை நம் நாடு வந்த கதை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல் உளவியல் தனித்துறையாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் போவாசு அவர்களைத் தலைவராகக் கொண்டு அத்துறை தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் இலாகூரில் ஹெர்பர்ட் ரைசு பினே அளவுகோலை இந்துசுத்தானிக்கு ஏற்ப அமைத்து 1929இல் வெளியிட்டார். கன்னட, மராத்திப் பிள்ளைகட்காகக் காமத் செய்த திருத்தம் 1940இல் நூலாயிற்று. இவையெல்லாம் கல்வித்துறை வரலாற்று நூல்களில் முறையாகக் கூறப்படுவன.

தென்னாட்டைப் பொறுத்தவரை நம் கருத்தை ஈர்ப்பது இவ்வளவுகோல் நூல்களுக்கு முற்பட்ட ஒரு கட்டுரை. 1921இல் ஹெரிக் என்பார் அமெரிக்கப் பயன்முறை உளவியல் இதழில் அதனை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கருவி காடர்டு வடிவப் பலகை. பலகையொன்றில் வட்டம், சதுரம், விண்மீன், சிலுவை முதலாகப் பத்து வடிவக் குழிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வவற்றிற்குரிய மரத்துண்டுகளைப் பிள்ளை எத்துணை விரைவில் பொருத்துகின்றது என்பது கணக்கு. மொழி வேண்டா, எழுத்தறிவு வேண்டா என்பதனால் எந்நாட்டுப் பிள்ளைக்கும் இது பொது எனக் கருதப்பட்டது. ஹெரிக் தென்னிந்தியப் பிள்ளைகளைப் பார்ப்பனர் எனவும் பஞ்சமர் எனவும் இரு கூறாக்கித் தம்முள் ஒப்பிட்டார். பின் அமெரிக்கப் பிள்ளைகளொடும் ஒப்பிட்டார். கட்டுரைத் தலைப்பே இதனைக் கூறிவிடுகின்றது.

அவர் கண்ட முடிவைக் காட்டிலும் அவர் கொண்ட பகுப்பே ஆராய்தற்குரியது. பிள்ளைகளைப் பள்ளிசென்றார், செல்லாதார் எனப் பகுத்திருக்கலாம். உண்டார், பசித்தார் எனப் பகுத்திருக்கலாம். இத்தகைய மரத்துண்டுகளை முன்னர்க் கையாற் றொட்டவர், தொடாதவர் எனவும் பகுத்திருக்கலாம். சாதியாற் பகுத்தமையின், வேற்றுமை எது தோன்றினும் அது சாதியின் வேற்றுமையாகவே தோன்றும். பள்ளி வாயிலையே கண்டிராத பிள்ளையின் கையில் விரைவு குறைந்தால் அது பிறப்பின் குறையாகி விடும். 373ஆம் குறளுக்கு உரைகாரர் கூறிய ஊழ், இங்கு நிமிடக் கணக்கில் எண்ணாகி நிற்கின்றது. அறிவளவைகளில் தலைமுறைதோறும் மக்கள்தொகையின் சராசரி மதிப்பெண் உயர்ந்து வந்தமையை ஜேம்சு பிளின் 1984இலும் 1987இலும் பல நாட்டுத் தரவுகளால் நிறுவிய பின்னர், இம்மதிப்பெண்களைப் பிறவிக்கூறு என்று மட்டும் கொள்வது அரிதாயிற்று. ஒன்றிரண்டு தலைமுறைக்குள் ஒரு நாட்டு மக்களின் பிறவிக்கூறு அவ்வளவு மாறாது அன்றோ?

அளவையாளர் எல்லாரும் வினையறிவை மறந்தனர் எனல் நேரிதன்று. 1920இலேயே தார்ண்டைக் கருத்தறிவு, பொறியறிவு, மக்களொடு பழகும் அறிவு என மூன்று கூறினார். 1935இல் அலெக்சாந்தர் கையாற் செய்யும் சோதனைகளை ஆராய்ந்து, சொல்வழித் திறனின் வேறான செயல்வழித் திறன் ஒன்று உண்டு என வாதிட்டார். 1950இல் வெர்னன் பொதுத்திறனுக்குக் கீழே சொல்லும் கல்வியும் ஒரு கிளை, இடவுணர்வும் கைத்தொழிலும் மற்றொரு கிளை என வகுத்தார். இந்தியாவில் இவ்வழி நின்றவர் பாட்டியா. எழுத்தறியாதார் மிக்க நாட்டிற்கு எழுத்துவழிச் சோதனை ஏலாது என உணர்ந்து, அலெக்சாந்தர் அமைத்த கட்டை நகர்த்தும் சோதனையையும், கோசு அமைத்த வண்ணக் கட்டைச் சோதனையையும், கோலம் வரைதல், உடன்நினைவு, படம் இணைத்தல் என்பவற்றொடு சேர்த்து ஐந்து உறுப்புடைய தொகுதியொன்றினை உத்தரப்பிரதேசச் சிறுவர்களிடம் ஆய்ந்து 1955இல் வெளியிட்டார். அவர் நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் வண்ணக் கட்டைகளை அட்டையிற் கண்ட கோலத்திற்கேற்ப அடுக்குவதும் செயலே எனினும், அது யார்க்கும் பயன்படாத செயல். செய்வான் எதற்காகச் செய்கின்றான், எப்பொருளைச் சிக்கனம் செய்கின்றான், பிழைத்தால் யார் இழக்கின்றார் என்பன அதில் இல்லை. பரிமேலழகர் கூறிய உலகியல் என்பது கட்டைப் பெட்டிக்குள் இல்லை.

இனிப் பவானிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இறக்குமதியான ஆங்கில ஆலைத்துணிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க ஜங்கமர் என்னும் வகுப்பினர் இங்கு வண்ண விரிப்பு நெய்யத் தொடங்கினர் என்பர். அதுவே ஜமக்காளம் எனப் பெயர்பெற்றது. தடித்த பருத்தி நூலால் வண்ணப் பட்டைகள் அமைய நெய்வது ஒருவகை. தடித்த நூலில் நுணுகிய வேலைப்பாடு அமையாமையின், செயற்கைப் பட்டு நூல்கொண்டு ஓரங்களில் பூவும் உருவும் அமைப்பது பின்வந்த வகை. பொருளே முறையை வகுத்தது என்பதற்கு இது நல்ல சான்று. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே உரியதாக்கியது. 2005–06இல் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. சட்டமிருந்தும் விசைத்தறியில் நெய்தவை இவ்வூர்ப் பெயரால் விற்கப்படுகின்றன என்பது நெசவாளர் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை.

தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்து நெய்வார் ஒருவரை அரைநாள் அருகிருந்து நோக்கினால் அவர் உள்ளத்தின் வேலை புலப்படும். நெய்த பகுதி முன்மரத்தில் சுற்றப்பட்டு மறைந்துகொண்டே போகின்றது. மறைந்ததன் வரிசை நினைவில் நிற்றல் வேண்டும். ஊடை நூல் தடிப்பிலும் முறுக்கிலும் சிறிதே மாறினாலும் அறைதலின் வலிமையை மாற்றினாலன்றி நெருக்கம் ஒத்து வாராது. பாவு இழை அறுந்தால் எதனொடு எதை முடிவது என்பதைக் கண் முடிவு செய்யுமுன் விரல் முடிந்துவிடுகின்றது. அகன்ற விரிப்பை இருவர் ஒருங்கமர்ந்து நெய்யுங்கால் இருவர் கையும் ஒரே அளவாதல் வேண்டும். இவற்றையெல்லாம் எங்ஙனம் கணக்கிடுகின்றீர்கள் என்று நாம் மூதாட்டி ஒருவரிடம் வினவியபோது, கணக்கு ஏதுமில்லை, கைக்குத் தெரியும் என்பதே விடையாகக் கிடைத்தது. அது விடையைத் தவிர்க்கும் பேச்சன்று, நேரிய விளக்கம். மைக்கேல் போலானி 1966இல், நாம் சொல்லக்கூடியதனினும் மிகுதியாக அறிந்திருக்கின்றோம் என்னும் கருத்தை ஒரு நூலாக விரித்துரைத்தார். அதனையே அம்மூதாட்டி நான்கு சொற்களில் முடித்துவிட்டார்.

இத்தகைய அறிவைக் களத்திற் சென்று ஆராய்ந்தோர் பிற நாட்டார். 1984இல் சில்வியா சுக்ரிப்னர் அமெரிக்கப் பால் ஆலையொன்றில், பெட்டிகளில் புட்டிகளை எண்ணி அடுக்கும் தொழிலாளரைக் கண்டார். ஆணைத்தாளில் எழுதியுள்ள எண்ணை அவர்கள் அப்படியே கொள்ளவில்லை. பாதி நிறைந்த பெட்டிகளை நோக்கி, எதிற் கூட்டினால் அல்லது எதிற் குறைத்தால் கைவேலை மிகக் குறையும் என்று கண்ணாற் கணித்தே எடுத்தனர். அவ்வாலை எழுத்தரும் பள்ளி மாணவரும் அவ்வேலையில் அவர்க்கு ஈடாகவில்லை. மறு ஆண்டு பிரேசில் நாட்டு இரெசிபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர் ஐவரைக் கராகர் குழுவினர் ஆராய்ந்தனர். விற்பனையின்போது மனத்தாற் போட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாக இருந்தன. அவ்வெண்களையே தாளில் வெறுங் கணக்காகக் கொடுத்தபோது அது 37 அளவிற்குச் சுருங்கிற்று. தேங்காய் ஒன்று 35 குருசேரோ எனின் நான்கின் விலை 140 எனத் தெருவில் தடையின்றிக் கூறிய பிள்ளை, 35ஐ 4ஆல் பெருக்கு என்றபோது இலக்கங்களை ஏந்தும் முறையிற் குழம்பி 200 என எழுதிற்று. தெருவிற் கேட்டிருந்தால் அப்பிள்ளையே அவ்விடையைக் கண்டு நகைத்திருக்கும்.

பவானிக்கு மிக அணுகிய ஆராய்ச்சி மெக்சிகோவில் நிகழ்ந்தது. பற்றீசியா கிரீன்பீல்டும் கார்லா சைல்ட்சும் சினகாந்தான் என்னும் மாயர் ஊரில், நெய்யத் தெரிந்த சிறுமியரிடமும் நெய்யாத சிறுவரிடமும் வண்ணக் குச்சிகளைக் கொடுத்து, தம் ஊர் ஆடையின் கோடுகளைச் சட்டத்தில் அமைக்கச் சொன்னார்கள். 1977இல் அம்முடிவு வெளியாயிற்று. நெய்யும் சிறுமியர் இழை இழையாகப் பிரித்து, பல மெல்லிய குச்சிகளால் கோட்டை அமைக்கத் தலைப்பட்டனர். நெய்யாத சிறுவர் தோற்றத்தை மட்டும் கொண்டு அகன்ற குச்சியொன்றை வைத்தனர். இவ்விருவருள் யார் நுண்ணறிவு மிக்கார் என்னும் வினாவே அங்குப் பொருளற்றுப் போகின்றது. சிறுமியர் துணி உண்டாகும் முறையைக் கண்டனர். சிறுவர் துணியைக் கண்டனர். 1985இல் இராபர்ட் ஸ்டெர்ன்பர்க் நுண்ணறிவை மூன்று கூறாக்கி, அவற்றுள் ஒன்றைச் சூழலுக்கு இயைந்தும் அதனைத் திருத்தியும் வாழும் திறனாகக் கொண்டதும் இவ்வாராய்ச்சிகள் பெருகிய காலத்தேயாம்.

கொங்குநாட்டில் இவ்வழக்கைத் தம் வாழ்வாலேயே எடுத்துரைத்தவர் ஜி. டி. நாயுடு. 1893இல் கோவையை அடுத்த கலங்கலிற் பிறந்து, பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டவர். மோட்டார் மிதிவண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டிக் கற்றார் என்பர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தொடு தொழில் தொடங்கினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவொடு சேர்ந்து இந்தியாவில் முதல் மின்னோடியை உருவாக்கினார். 1945இல் கோவையில் தொழிற்கல்லூரி தோன்றக் காரணமாயிருந்தும், பட்டப் படிப்பிற்கு விதித்த ஆண்டுகள் வீண் என்னும் தம் கருத்தை அரசு ஏலாமையின் அதனின்று விலகினார். அவர் கருத்தில் மிகைபாடு உண்டு. எல்லாரும் கழற்றிப் பூட்டியே இயற்பியல் கற்றுவிட இயலாது. ஆயினும் பள்ளி அளக்காத அறிவொன்று பட்டறையில் உண்டு என்பதை அவர்போல் உரக்கக் கூறினார் வேறு யாருமிலர். அதே நாட்டு மொடக்குறிச்சிப் பகுதியிற் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராயிருந்த பெரியசாமித் தூரன், மனமும் அதன் விளக்கமும், அடிமனம், குழந்தை உள்ளம் முதலிய நூல்களால் உளவியலை எளிய தமிழிற் கொணர்ந்தார். 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராகவும் விளங்கினார். அறிவு பற்றிய புது நூலைத் தமிழ் மாணவர் ஆங்கிலத்தின் துணையின்றிக் கற்கலாயினர் எனின், அதிற் பெரும்பங்கு அவர்க்குரியது.

இங்கே நாம் ஒரு பெருந்தடையை எதிர்கொள்ள வேண்டும். வினையறிவைப் போற்றுவது வினையாளரின் பிள்ளைகளை அவ்வினையிலேயே நிறுத்துதற்குக் காரணமாகி விடாதா? இது கற்பனை அச்சமன்று. 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. தொழிலின் பெருமையே அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. எதிர்த்தோர் அதற்குக் குலக்கல்வி எனப் பெயரிட்டனர். ஈரோட்டுப் பெரியார் அதனை முன்னின்று எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது. வடிவப் பலகை ஒரு சாதிப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று சொல்லக்கூடியது. குலக்கல்வி அப்பிள்ளைக்கு வேறோர் அறிவு உண்டு என்று சொல்லக்கூடியது. இரண்டும் பிள்ளையை ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவன. தறியறிவு பிறப்பால் வருவதன்று. நெய்து நெய்து வருவது. நெசவாளர் மகள் மருத்துவம் கற்பின் அவள் கையில் அது வாராது. வேற்றுக்குடிப் பிள்ளை பத்தாண்டு தறியில் அமரின் அவன் கைக்கு வரும். இவ்வுண்மையை விட்டுவிட்டு வினையறிவைப் புகழ்வோர் 1953க்கே திரும்பிச் செல்வர்.

உளவியலார் எழுப்பும் தடை வேறு. 2003இல் இலிண்டா காட்பிரெட்சன், ஸ்டெர்ன்பர்க் கூறும் செயல்முறை நுண்ணறிவு பொதுத்திறனுக்கு வேறான தனித்திறன் என நிறுவுதற்குச் சான்று போதாது என விரிவாக மறுத்தார். அம்மறுப்பில் வலிமை உண்டு. வினையறிவு இடந்தோறும் வேறுபடுவது. பால் ஆலைத் தொழிலாளர் தறியில் அமர்ந்தால் கற்றுக்குட்டியே. அவ்வாறாயின் அதனைப் பொதுத்திறனொடு போட்டியிடும் மற்றொரு பொதுத்திறனாகக் காட்ட முயன்றதே பிழை எனலாம். அளவுகோலில் ஏற்றி எண்ணாக்குதற்கு அது உரியதன்று. ஆனால் எண்ணாகாமையால் இல்லாததாகியும் விடாது.

தமிழ்த்துறையார்க்கு இதில் செய்யத்தக்கதொரு பணி உண்டு. இன்று பவானித் தறிகளில் அமர்வோருள் முதியோரே மிகுதி. அவர்தம் மக்கள் வேறு தொழில்களை நாடிச் சென்றனர். அதில் அவர்களைக் குறைகூறுதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தறிமுன் அமர்ந்து பேசும் பேச்சில், பாவு தளர்தற்கும், ஊடை நெருங்குதற்கும், பட்டையின் விளிம்பு பிசகுதற்கும், நூல் ஈரம் ஏற்றலுக்கும் தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. கைக்குத் தெரிந்து வாய்க்கு வாராது என்று எண்ணப்படுவதில் ஒரு பகுதி அச்சொற்களில் ஒட்டியிருக்கின்றது. முதுகலை மாணவர் இருவர் மூவர் ஓர் ஆண்டு பவானித் தெருக்களில் தங்கி, சொல்லை மட்டும் அன்றி, எந்தச் செயலின்போது எந்தக் கை எங்கிருக்கையில் அச்சொல் வருகின்றது என்பதனையும் சேர்த்துக் குறித்து வருவராயின், அத்தொகுப்பு முதலில் அகராதியார்க்கும், பின்னர் உளவியலார்க்கும் பயன்படும்.